அப்பன் புத்தியா, பட்ட பாடா?

வளரிளம் பிள்ளைகளின் கோபம், முரட்டுத்தனம், பள்ளிக்கு மட்டம் போடுவது பற்றிக் கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். காலை ஐந்தரைக்கு ஜீப் ஏறினால் வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். மகனுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறான். என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு என்னையும் அவனையும் அடிப்பார். இரண்டு வருஷமாக எங்களோடு இல்லை. இப்போது பையன் தங்கச்சியை அடிக்கிறான், சாப்பாட்டுத் தட்டை விட்டெறிகிறான், பாதி நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. "அப்பன் புத்தி ரத்தத்திலேயே ஊறிப்போச்சு" என்கிறார் மாமியார். பட்ட அடி மரபணுவையே மாற்றிவிடும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். இவனைத் திருத்தவே முடியாதா?

பதில்: முடியும். உங்கள் மாமியார் சொல்வதிலும் அந்த வீடியோவிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. "திருத்த முடியாது" என்பது மட்டும் இரண்டிலுமே இல்லை.

சட்டென்று கோபம் வரும் சுபாவத்தில் அப்பா அம்மாவிடமிருந்து வரும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் எல்லா மரபணுவும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. உங்கள் ஊர் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே வாய்க்காலில்தான் வருகிறது. எந்த மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வயலில் தண்ணீர் நிற்கும். மரபணுக்களுக்கும் இப்படி மடைகள் உண்டு. அவற்றை ஏற்றி இறக்கும் வேதிக் குறிகளைப் பற்றிய துறைதான் எபிஜெனெடிக்ஸ். அந்தக் குறிகளில் அதிகம் ஆராயப்பட்டது மெத்தில். ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு அது, டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் நிறைய ஒட்டினால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். எழுத்து அப்படியேதான் இருக்கும். "மரபணுவையே மாற்றிவிடும்" என்று வீடியோ சொன்னது அதனால் தவறு.

2004-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் குழுவினர் வெளியிட்ட எலி ஆராய்ச்சி இந்தத் துறைக்கே அடித்தளம் போன்றது. தாய் எலிகளில் சில, குட்டிகளை ஓயாமல் நக்கிக் கொடுக்கும். சில அவ்வளவாகக் கவனிக்காது. கவனிப்புக் குறைந்த குட்டிகளின் மூளையில், ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், ஒரு குறிப்பிட்ட மரபணுவின் மேல் மெத்தில் கூடுதலாக ஒட்டியிருந்தது. பயம் வந்தால் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். "வந்த ஆபத்து போய்விட்டது, சுரந்தது போதும்" என்று அதை அடக்குகிற ஏற்பியை (கார்ட்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) உண்டாக்குவது அந்த மரபணுதான். ஏற்பி குறைந்துபோனதால் அந்தக் குட்டிகளுக்குச் சின்ன அதிர்ச்சிக்கும் கார்ட்டிசால் நிறையச் சுரந்தது; இறங்கவும் நேரமானது. உங்களுக்குத் தேவையான செய்தி இனிமேல்தான் வருகிறது. கவனிக்காத தாய்க்குப் பிறந்த குட்டியை முதல் நாட்களிலேயே நன்றாகக் கவனிக்கும் தாயிடம் மாற்றி விட்டபோது அது அமைதியான எலியாகவே வளர்ந்தது. பெற்றவளின் ரத்தத்தைவிட வளர்த்தவளின் கவனிப்பு அங்கே வென்றது. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதப் பிள்ளைக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பயத்திலேயே வளர்ந்த உடம்பு, பயத்துக்கென்றே தயாராகிவிடும் என்பது மனிதர்களுக்கும் பொருந்தும்.

உங்கள் மகனிடம் அது எப்படித் தெரியும்? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலாக் நடத்திய ஆய்வுகளில், வீட்டில் அடிபட்ட பிள்ளைகள் மங்கலான படத்திலும் கோபமுகத்தை மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். குடித்துவிட்டு வருபவரின் முகத்தைத் தூரத்திலேயே படித்தால்தான் அவர்களால் தப்பிக்க முடிந்தது. அந்தக் கண் இப்போது வாத்தியார் குரலை உயர்த்தினாலும், தங்கச்சி முகத்தைச் சுளித்தாலும் "அடி வரப்போகிறது" என்று படித்துவிடுகிறது. கை முந்திக்கொள்கிறது.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. அவனுக்குக் கோபம் ஏறிய நேரத்தில் புத்திமதி வேண்டாம். அதிர்ச்சிக்குப் பின் கார்ட்டிசால் உச்சிக்குப் போகவே 20, 30 நிமிடம் ஆகும். இறங்க அதற்கு மேலும் ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் சொல்லும் எதுவும் மண்டையில் ஏறாது. முதலில் தங்கச்சியை அந்த இடத்தைவிட்டு அனுப்புங்கள். அவனிடமிருந்து இரண்டு கை தூரம் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். வாசலை மறித்து நிற்காதீர்கள். வழி அடைபட்டால் அவன் உடம்பு பழைய நாளுக்கே போய்விடும். தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "தட்டை நீதான் எடுத்து வைக்கணும், சாப்பாடு அடுப்பில இருக்கு." அதற்குமேல் பேச்சு வேண்டாம். அவன் அடங்கிய பிறகு, கொட்டிய சோற்றை அவனே கூட்டி அள்ள வேண்டும். நீங்கள் அள்ளிவிட்டுத் திட்டினால் அவனுக்குத் திட்டு மட்டும்தான் மிஞ்சும், பொறுப்பு வராது.

வீட்டுக்கு மூன்று விதிகள் போதும். யாரையும் அடிக்கக் கூடாது. பள்ளிக்குப் போகவில்லையென்றால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அம்மாவிடம் இருக்க வேண்டும். மீறினால் மறுநாள் ஒரு நாள் மட்டும் போன் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு மாதம் பிடுங்கி வைக்காதீர்கள். இரண்டாம் நாளிலிருந்து ஒழுங்காக இருந்து அவனுக்கு என்ன லாபம்? விதியைப் பிடிக்க ஆரம்பித்ததும் முதல் ஓரிரு வாரம் அவன் முன்னைவிட மோசமாவான். பழைய வழி இன்னும் செல்லுபடியாகிறதா என்று சோதிப்பான். பெரும்பாலான வீடுகளில் அந்த வாரத்தில்தான், "இதெல்லாம் இவன்கிட்ட எடுபடாது" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

தினமும் 15 நிமிடம் அவனோடு இருங்கள். மார்க், புத்திமதி, அப்பா பேச்சு எதுவும் அதில் வரக் கூடாது. எதிரெதிரே உட்கார வைத்துப் பேசினால் இந்த வயதுப் பிள்ளை வாயைத் திறக்காது. வெங்காயம் உரிக்கும்போது, கடைக்கு நடக்கும்போது பக்கத்தில் இருந்தால் தானே பேச்சு வரும். வாரத்தில் ஆறு நாள் நடந்தாலே நல்லது. நல்லது செய்தால் அந்த நொடியே, எதற்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்: "தங்கச்சிக்குச் சோறு போட்டுக் குடுத்தியே, எனக்கு நிம்மதியா இருந்துச்சு." வெறும் "நல்ல பையன்" போதாது.

தூக்கத்தை விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பருவமடையும்போது, தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரக்கும் நேரமே பின்னுக்குப் போய்விடுவதால் அவனுக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வராது. நீங்கள் நாலரைக்கு எழும்போது அவனையும் எழுப்பிப் படிக்கச் சொன்னால் அன்றைய கோபத்துக்கு நீங்களே விறகு அடுக்கியதாக ஆகும்.

மாமியாரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: "அத்தை, அவன் காதுபட அப்பன் புத்தின்னு சொல்லாதீங்க." அந்தப் பேச்சைத் தினமும் கேட்கும் பையன், அதுதான் தன் விதி என்று நம்பிவிடுவான். உங்கள் மகளையும் பாருங்கள். அவளும் அதே வீட்டில்தான் இருந்தாள். சத்தம் போடாத பிள்ளைக்கு வலி இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மிருகங்களை வதைப்பது, கத்தி கட்டையோடு சண்டை, தீ வைப்பது, இரவில் வீட்டுக்கு வராமலிருப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், எரிச்சலும் எதிர்த்துப் பேசுவதும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. இத்தகைய பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. பெற்றோருக்கான பயிற்சியும், பட்ட அதிர்ச்சியைப் படிப்படியாகப் பேசிக் கரைக்கும் அமர்வுகளும்தான். வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். தோட்ட வேலையில் ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை எங்களுக்குப் புரிகிறது. முதல் முறை நேரில் போங்கள். இடையிடையே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறேன். மகளுக்கு 13 வயது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், படிப்பில் கவனமில்லை. எச்சில் மாதிரி அனுப்பினால் எபிஜெனெடிக் ரிப்போர்ட் தந்து, அதைச் சரிசெய்ய மாத்திரையும் தருவதாக விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பிள்ளையின் நடத்தையைக் கணிக்கவோ சிகிச்சையைத் தீர்மானிக்கவோ இன்று அப்படி ஒரு பரிசோதனை இல்லை. மெத்தில் குறிகள் திசுவுக்குத் திசு மாறும். மெக்கில் குழு 2009-இல் சிறுவயதுக் கொடுமையின் தடத்தை மனிதரில் கண்டபோது பார்த்தது, இறந்தவர்களின் மூளைத் திசுவை. உயிரோடு இருக்கும் பிள்ளையின் எச்சில் மூளைக்காகப் பேசாது. பிரிட்டனில் 1994, 95-இல் பிறந்த 2,232 இரட்டைப் பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வு 2018-இல் வெளியானது. கொடுமைக்கு ஆளானவர்களின் ரத்தத்தில் உறுதியான எபிஜெனெடிக் தடம் அதில் கிடைக்கவில்லை.

அந்தப் பணத்தில் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளையின் எரிச்சலுக்கும் மறதிக்கும் இதுவே காரணமாக இருப்பது சாதாரணம். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. உடம்பு மெத்தில் துணுக்கைத் தயாரிக்கவே ஃபோலிக் அமிலம் வேண்டும். விலை கொடுத்து வாங்கும் மாத்திரையிலும் பெரும்பாலும் இருக்கப்போவது அதுதான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால்தான் பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும். கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்னலாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்கொரு முறை பூச்சி மாத்திரை, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், தவறவிடாதீர்கள்.

கேள்வி: மூணாறு பகுதியில் தமிழ் வழி வகுப்பு எடுக்கும் ஆசிரியை நான். பெட்டிமுடி நிலச்சரிவில் பெற்றோரை இழந்த ஒரு மாணவன் மாமா வீட்டில் தங்கிப் பத்தாவது படிக்கிறான். மற்ற மாதங்களில் நல்ல பையன். மழை பிடித்துவிட்டால் வகுப்பைவிட்டு எழுந்து போகிறான், யாராவது தடுத்தால் அடிக்கிறான். "இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதையே சொல்வான்" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பள்ளி என்ன செய்யலாம்?

பதில்: 2020 ஆகஸ்ட் 6 இரவில், கொட்டும் மழையில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களோடு சேர்ந்து 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். அந்தப் பையனின் உடம்பில் மழைச் சத்தமும் அந்த ராத்திரியும் ஒன்றாகவே தைக்கப்பட்டிருக்கின்றன. தகரக் கூரையில் மழை அடிக்க ஆரம்பித்ததும் அவன் உடம்பு ஓடு என்கிறது. அவன் எழுந்து போவது அதனால்தான். தடுப்பவர் அவனை மண்ணுக்குள் அமுக்கும் கை போலத் தெரிகிறார். இதை ஒழுக்கக்கேடு என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம்.

ஜூனுக்கு முன்பே, வெயில் நாளில் ஏற்பாட்டை முடியுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் இடம், முடிந்தால் கான்கிரீட் கூரை உள்ள வகுப்பு. கையடக்கமான ஓர் அட்டை அவனிடம் இருக்கட்டும். அதை மேஜைமேல் வைத்தால் யாரும் எதுவும் கேட்காமல் வெளியே விட வேண்டும். வெளியே போனால் எங்கே, யாரிடம் என்பதும் முடிவாகி இருக்க வேண்டும்: ஒரே அறை, ஒரே ஆசிரியர், பத்து நிமிடம். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் அட்டை ஊர் சுற்றும் அனுமதிச்சீட்டாகிவிடும், மற்ற ஆசிரியர்களும் அதைக் கிழித்தெறியச் சொல்வார்கள். அந்த அறையில் மூச்சுப் பயிற்சி: மூக்கால் நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே, ஐந்து நிமிடம். மூச்சை அடக்கச் சொல்லாதீர்கள். மண்ணில் மூச்சுத் திணறியதை அது நினைவுபடுத்திவிடும். பிறகு கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிந்த நான்கு, காதில் விழும் மூன்று என்று பெயர் சொல்ல வையுங்கள். மழையில்லாத நாளில் இதைப் பத்துப் பதினைந்து தடவை பழகியிருந்தால்தான் மழை நாளில் கைகொடுக்கும்.

நினைவு நாளில் அவனை மேடையேற்றி விளக்கேற்றச் சொல்வது, வகுப்பு முன் நடந்ததைச் சொல்லச் சொல்வது, இரண்டும் கூடாது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூடவே செய்கிறது. வருகிறாயா, வேண்டாமா என்று தனியாகக் கேளுங்கள். அவன் சொல்வதே முடிவு.

ஐந்து வருஷம் தாண்டியும் இப்படி இருப்பதால் அவனுக்குச் சிகிச்சை தேவை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சையையும், கண் அசைவோடு செய்யும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. தூக்க மாத்திரையால் இது தீராது. ஒன்றை வலியுறுத்திக் கேளுங்கள்: அமர்வு தமிழில் நடக்க வேண்டும். வகுப்பில் மலையாளம் சரளமாகப் பேசுகிற பிள்ளைக்கும் அம்மாவைப் பற்றிப் பேச அம்மாவின் பாஷைதான் வரும்.

எத்தனை வருஷம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2013-இல் அமெரிக்க ஆய்வாளர் ரேச்சல் யெஹூதாவின் குழு, போர் அதிர்ச்சிக்கு ஆளான முன்னாள் படைவீரர்கள் 16 பேருக்குப் பேச்சுச் சிகிச்சை தந்து ரத்தத்தைப் பார்த்தது. குணமடைந்தவர்களிடம் ஒரு மன அழுத்த மரபணுவின் மெத்தில் குறியே மாறியிருந்தது. சின்ன ஆய்வுதான், அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. ஆனால் வருஷங்கள் கழித்தும் அந்தக் குறிகள் கல்வெட்டாக இறுகிவிடுவதில்லை என்று சொல்ல அது போதும்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். ஏழு மாதக் கர்ப்பம். வீட்டில் ஓயாத சண்டை. மூத்தவனுக்கு 12 வயது, பிடிவாதம் தாங்கவில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் இது இறங்கிவிடுமா? பேரப்பிள்ளை வரைக்கும் போகும் என்கிறார்களே?

பதில்: பேரப்பிள்ளையைப் பற்றிய பயத்தை இறக்கி வையுங்கள். கரு உருவானதும் ஒரு முறையும், கருவுக்குள் முட்டை, விந்தணுக்களின் மூலச்செல்கள் உருவாகும்போது இன்னொரு முறையும் மெத்தில் குறிகளில் பெரும்பங்கு துடைத்து எடுக்கப்படுகிறது. மன அழுத்தம் தலைமுறை தாண்டிக் குறிகளாக இறங்குகிறது என்பதற்கு மனிதரில் வலுவான சான்று இல்லை.

வயிற்றுக் குழந்தைக்கு ஓரளவு தொடர்பு உண்டு. கடைசி மூன்று மாதத்தில் தாய்க்கு மனச்சோர்வு இருந்தால், தொப்புள்கொடி ரத்தத்தில், முதல் பதிலில் சொன்ன அந்த கார்ட்டிசால் ஏற்பி மரபணுவின் மெத்தில் கூடியிருப்பதைக் கனடாவில் 2008-இல் கண்டார்கள். அவை சராசரிக் கணக்கில் தெரியும் சிறு வேறுபாடுகள். உங்கள் குழந்தை இப்படித்தான் பிறக்கும் என்பதற்கு அவை ஜாதகம் அல்ல. பிறந்த பிறகு மார்போடு அணைத்து வைத்திருப்பது, அழும்போது எடுப்பது எல்லாம் கணக்கில் சேரும். இரண்டு வாரமாக அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் தரக்கூடிய சிகிச்சை இருக்கிறது. அடிதடி நடக்கிறதென்றால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பிடிவாதம் உங்கள் சண்டையை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அடையாளம். அவனுக்கு வேண்டியது முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: மார்த்தாண்டம். 16 வயது மகன் பையில் சிகரெட் இருந்தது. பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியிருக்கிறான். பெல்ட்டால் நாலு போட்டால் திருந்துவானா? தாத்தா காலத்தில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

பதில்: அடித்தால் ஒளித்து வைக்கும் இடம்தான் மாறும். பதற்றத்தை அடக்கத்தான் பலர் பற்ற வைக்கிறார்கள். அடி அந்தப் பதற்றத்தைக் கூட்டும். எபிஜெனெடிக்ஸில் மிகத் தெளிவாகத் தெரியும் தடங்களில் ஒன்றும் சிகரெட்டுடையதுதான். புகைப்பவர்களின் ரத்தத்தில் ஏ.ஹெச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் மெத்தில் குறைந்துவிடுகிறது. விட்டவர்களுக்கு வருஷப் போக்கில் அது பழைய நிலையை நோக்கித் திரும்புகிறது. இதை அவனிடமே சொல்லுங்கள், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட செய்தி உறைக்கும்.

எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் தோன்றுகிறது, யாரோடு என்று மூன்றை மட்டும் குரல் உயர்த்தாமல் கேளுங்கள். எழுந்த அரை மணிக்குள் பிடிக்கிறான் என்றால் நிகோட்டின் பிடி இறுகிவிட்டது, டாக்டர் துணை வேண்டும். இல்லையென்றால் விடும் நாளை அவனே குறிக்கட்டும். தேர்வு வாரம் வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாள்தான் கடுமை. தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். அந்த நாட்களில் அவன் கத்தினால் பதிலுக்குக் கத்தாதீர்கள். தோன்றும் ஆசை ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் நிற்கும். அந்த நேரத்துக்குத் தண்ணீர், ஒரு நடை, வாயில் கிராம்பு என்று ஏதாவது கைவசம் இருக்கட்டும். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. அவனே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

கடைக்காரரைச் சும்மா விடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் சிகரெட் விற்பது 2003 புகையிலைச் சட்டப்படி குற்றம். சிறாருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. புகாரைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கொடுங்கள், மகன் பெயர் அதில் வரத் தேவையில்லை. நடுவில் ஒரு நாள் சறுக்கி அவன் பிடித்துவிட்டால் விட்ட நாட்களை எண்ணிச் சொல்லுங்கள்: "பதினோரு நாள் விட்டிருக்கே, பன்னிரண்டாம் நாள் என்ன நடந்துச்சு?"